அப்பளமும் அகல்விளக்கும் ஒரு இரும்பு சைக்கிளும்

கார்த்திகை பிறந்துவிட்டால் திட்டக்குடி கடைத்தெருவில் அகல்விளக்குக் கூடைகள் வந்து உட்கார்ந்துவிடும். ஒரு கூடையில் சிவப்பு மண் அகல். பக்கத்துக் கூடையில் வெள்ளை வெளேரென்று, விரலால் தட்டினால் 'டிங்' என்று சத்தம் வரும் செராமிக் அகல். இந்த இரண்டாவது ரகம் விருத்தாசலத்துச் சரக்கு. வீட்டு மெயின் போர்டில் இருக்கும் வெள்ளை பியூஸ் கேரியர், பொம்மை, ஊறுகாய் ஜாடி என்று பீங்கான் சாமான் செய்வதில் அந்த ஊருக்குத் தனிப்பெயர். அதற்கென்றே ஒரு தொழிற்பேட்டை, செராமிக் படிக்க ஒரு அரசு நிறுவனம் எல்லாம் அங்கே உண்டு.

சூளையில் 1000 டிகிரிக்கு மேல் வெந்தபோது உடையாத அகல், விருத்தாசலத்திலிருந்து பெண்ணாடம் வழியாகத் திட்டக்குடி வரும் ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் உடைந்துவிடும். பிரச்சினையே இதுதான்.

விருத்தாசலத்தில் பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கும் பையன் ஒருவன். வீடு திட்டக்குடியில். அம்மா வைத்தியநாத சுவாமி கோயில் பக்கம் கூடை போட்டு வியாபாரம் செய்பவர். ஆடியில் எலுமிச்சம்பழம், புரட்டாசியில் துளசி, கார்த்திகையில் அகல். போன வருடம் 1,200 அகல் வாங்கி அட்டைப்பெட்டியில் கட்டி பஸ்ஸில் ஏற்றி வந்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் 96 காலி. அடக்கம் 3 ரூபாய், விற்பது 5 ரூபாய். லக்கேஜ், இரண்டு பக்கமும் ஆட்டோ எல்லாம் சேர்த்து 600 ரூபாய். மிச்சம் நின்றது 1,320 ரூபாய்தான். மழையில் உட்கார்ந்து சளி பிடித்து டாக்டரிடம் போன செலவு தனி.

இந்த வருடம் அம்மா மகளிர் குழுவில் 4,500 ரூபாய் கடன் எடுத்துவிட்டார். 1,500 அகல். கடன் எடுத்த பிறகுதான் மகனிடம் சொன்னார், அம்மாக்களின் வழக்கப்படி. பையன் நோட்டில் கணக்குப் போட்டான். போன வருடம் மாதிரியே 8 சதவீதம் உடைந்தால் 120 அகல் போச்சு. வண்டிச் செலவும் போனால் குழுவுக்குக் கட்டிய பிறகு கையில் பெரிதாக ஒன்றும் நிற்காது. "நானே சைக்கிள்ல எடுத்தாரேன்" என்றான். அம்மா அவனைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவருவது கஷ்டம். :)

சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 90களில் நம்மூர்ப் பையன்களெல்லாம் 'எம்.டி.பி.' என்று உயிரை விட்டார்களே, அந்த ரகம். மாமா பத்தாவது பாஸானதற்கு வாங்கிக் கொடுத்தது. எந்தக் கம்பெனி என்று இப்போது யாருக்கும் தெரியாது. முதலில் நீலம், அப்புறம் பச்சை, கடைசியாக கேட்டுக்கு அடித்து மீந்த கறுப்பு என்று மூன்று பெயிண்ட் பார்த்துவிட்டது. 26 இன்ச் சக்கரம், தடியான டயர், நேர் ஹேண்டில் பார். கியர் கிடையாது. முன்னால் பின்னால் எங்கும் ஸ்பிரிங் கிடையாது. வியாபாரிக் கடைத் தராசில் தூக்கி வைத்தால் 17 கிலோ காட்டியது. நெல் மூட்டை எடை போட வந்தவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

இந்த மாதிரி சைக்கிளுக்கு இன்று வெளிநாட்டில் 'ரிஜிட் ஸ்டீல்' என்று பெயர். ஃபிரேமும் இரும்பு, முன் ஃபோர்க்கும் இரும்பு, சஸ்பென்ஷன் என்ற பேச்சே இல்லை. இதில் பை பையாகக் கட்டிக்கொண்டு காடு மலை என்று வாரக்கணக்கில் சுற்றுவதற்கு 'பைக்பேக்கிங்' என்று பெயர். அமெரிக்காவில் சர்லி என்ற கம்பெனி இந்த ரக சைக்கிளுக்கே பேர் போனது. நம் ரூபாயில் ஒரு மோட்டார் பைக் வாங்கிவிடலாம், அந்த விலை. கார்பன் ஃபைபர், ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் எல்லாம் வந்த பிறகும் எதற்கு இரும்பைத் தேடுகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். அதற்குப் பதில் பெண்ணாடத்தில் வரும். கொஞ்சம் பொறுங்கள்.

மவுண்டன் பைக் பிறந்தபோதும் அதற்கு ஸ்பிரிங் கிடையாது. 1976இல் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள் பழைய தடி டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலை மேலிருந்து கீழே பந்தயம் விட ஆரம்பித்தார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். ஒரு தடவை இறங்கினால் ஹப்பில் இருக்கும் கிரீஸ் எல்லாம் புகைந்து போய்விடுமாம். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் விழுந்தது. அடுத்த வருடம், 1977இல், ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே குரோமோலி எஃகில் ஃபிரேம் செய்தார். ராக்‌ஷாக்ஸ் கம்பெனியின் சஸ்பென்ஷன் ஃபோர்க் கடைக்கு வந்தது 1989 வாக்கில்தான். அதுவரை மலை இறங்கியவர்களுக்கு ஷாக் அப்சார்பர் அவரவர் முழங்கை.

நம் பக்கம் கதை வேறு. 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸை ஆரம்பித்தார்கள். அம்பத்தூரிலிருந்து வந்த ஹெர்குலிஸ் சைக்கிள் ஊர் ஊராகப் போனது. கம்பி பிரேக், 28 இன்ச் சக்கரம், பின்னால் ஒரு ஆளையே உட்கார வைக்கும் கேரியர். பால்காரர், தபால்காரர், கோலமாவு விற்பவர், ஐஸ் பெட்டிக்காரர் என்று இரும்பு சைக்கிளில் மூட்டை கட்டி ஊர் சுற்றாத ஆள் உண்டா? 1954இல் தியன் பியன் பூ போரில் வியட்நாம்காரர்கள் ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கு மேல் ஏற்றி, ஹேண்டில் பாரில் மூங்கில் கட்டி, காட்டு வழியே தள்ளிக்கொண்டே போய்ப் பீரங்கி வைத்திருந்த பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தார்கள். பைக்பேக்கிங் என்ற வார்த்தைதான் புதுசு. 90களில் ஹெர்குலிஸ் எம்.டி.பி., ஹீரோ ரேஞ்சர் எல்லாம் வந்தபோது இந்த இரண்டு கதையும் ஒன்றாகக் கலந்தது. கலிபோர்னியா உடம்பு, நம்மூர் கேரியர்.

விஷயத்துக்கு வருவோம். பையன் நேராக சைக்கிள் கடைத் தாத்தாவிடம் போனான். 'வாடகை சைக்கிள் நிலையம்' என்ற போர்டு இன்னும் தொங்குகிறது. வாடகைக்கு விட சைக்கிள்தான் இல்லை. இப்போது டூவீலர் பஞ்சர்தான் பிழைப்பு. ஒரு காலத்தில் கண்ணாடி வளையல் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர் அவர். பையன் விஷயத்தைச் சொன்னதும் டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"என்னா தம்பி, காத்து கல்லு மாதிரி இருக்கு. இதுல அகல் வச்சா உடையாம என்ன பண்ணும்?"

"தாத்தா, ஸ்டீல் ஃபிரேம் அதிர்ச்சிய உள்வாங்கிக்கும்னு நெட்ல போட்டிருக்கான்."

"எங்க உள்வாங்கும்? நீ மேல ஏறிக் குதி, குழா எங்கயாவது வளையுதான்னு நான் பாக்கறேன்."

இரும்பு சைக்கிள் பிரியர்கள் உலகம் முழுக்க சொல்லும் ஒரு விஷயம், 'ஸ்டீல் மென்மையாக ஓடும்' என்பது. இது பாதி உண்மைகூட இல்லை. சைக்கிள் ஃபிரேம் முக்கோண வடிவம். முக்கோணம் மேலும் கீழும் லேசில் அசையாது. ஒரு கல்லில் ஏறினால் ஃபிரேம் கொடுப்பது மில்லிமீட்டர் கணக்கில்கூட வராது. டயர் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அமுங்கும். வளைந்த முன் ஃபோர்க் கொஞ்சம் கொடுக்கும், ஸ்பிரிங் வைத்த சீட் இன்னும் கொஞ்சம். சாதா இரும்போ விலை உயர்ந்த குரோமோலியோ, இரண்டுக்கும் விறைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். பலம்தான் வேறு. குரோமோலியில் குழாயை மெல்லிசாகச் செய்யலாம், எடை குறையும். அவ்வளவுதான். இதையெல்லாம் தாத்தா கட்டை விரலிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தார்.

முதலில் அகலை வைத்துச் சோதனை வேண்டாம், அப்பளம் வை என்றது அவர்தான். அப்பளத்தைவிட மலிவான அதிர்வு மீட்டர் எந்த லேபிலும் கிடையாது! கேரியரில் 20 கிலோ மணல் மூட்டை, அதற்கு மேல் 50 அப்பளம் உள்ள கட்டு. வெலிங்டன் ஏரிக்கு ஒரு ஓட்டம். 1923இல் கட்டி முடித்த அந்த ஏரிக்கரைப் பக்கம் போகும் வழியில் தார், ஜல்லி, மண் என்று எல்லா ரகமும் உண்டு. சோதனைக்கு அதைவிட நல்ல பாதை வேண்டாம்.

முதல் நாள் காற்று முழுசாக அடித்து ஓட்டினான். முதுகெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக வணக்கம் சொன்னது. கட்டைப் பிரித்தால் 31 அப்பளம் தூள். மறுநாள் பெட்ரோல் பங்கில் அளந்து முன்னால் 30, பின்னால் 40 பி.எஸ்.ஐ. என்று வைத்தான். பின்னால் இன்னும் குறைத்தால் பாரத்தில் டியூப் ரிம்மில் நசுங்கி இரட்டைப் பல் கடித்த மாதிரி பஞ்சர் ஆகும் என்று தாத்தா எச்சரித்திருந்தார். அன்று 14. மூன்றாம் நாள் அதே காற்று. அப்பளத்துக்குக் கீழே மட்டும் ஒரு கை கனத்துக்கு வைக்கோல். 5 தான் உடைந்தது. ஃபிரேம் மூன்று நாளும் அதே ஃபிரேம். அந்த வாரம் முழுக்க வீட்டில் மூன்று வேளையும் அப்பளம். தங்கச்சி நான்காம் நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

கட்டும் முறையும் தாத்தா சொன்னதுதான். 500 அகல், ஒன்று 50 கிராம் வீதம் 25 கிலோ. அதை அப்படியே கேரியரில் ஏற்றினால் முன் சக்கரம் லேசாகிவிடும், ஹேண்டில் நீச்சல் அடிக்கும். அதனால் 150 அகலை ஃபிரேம் முக்கோணத்துக்குள் தொங்க விட்டார்கள். உரச் சாக்கை முக்கோணமாக வெட்டிக் கோணி ஊசியால் தைத்து, பழைய டியூப்பை நாடாவாக அறுத்துக் குழாய்களில் கட்டிய பை. இதைத்தான் பைக்பேக்கிங் கடைகளில் ஃபிரேம் பேக் என்று ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். பாரம் கால்களுக்கு நடுவே, தாழ்வாக, இரண்டு சக்கரத்துக்கும் பங்காக நிற்பதுதான் அதன் சூட்சுமம். ஒரே சிக்கல், பை கொஞ்சம் உப்பினாலும் முழங்கால் உரசும். மீதி 350 பின்னால் கேரியரின் இரண்டு பக்கமும் கூடைகளில். அகலைப் படுக்க வைக்காமல் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, அடுக்கைச் சாய்த்து நிறுத்தி, நடுவில் செய்தித்தாள், சுற்றிலும் வைக்கோல்.

முதல் நடை கார்த்திகை முதல் வாரத்தில். காலையில் காலி சைக்கிளில் கல்லூரி. மாலை தொழிற்பேட்டையில் சரக்கு ஏற்றிக்கொண்டு வீடு. பாரம் ஏற்றியதும் சைக்கிள் வேறு சைக்கிள் ஆகிவிட்டது. காலியாக ஓட்டினால் ஒவ்வொரு ஒட்டுப்போட்ட தாருக்கும் 'கடகட' என்று புலம்பும் வண்டி, 25 கிலோ ஏறியதும் வாயை மூடிக்கொண்டது. சின்னச் சின்ன அதிர்வெல்லாம் காணோம். நேராகப் போகிறது, லாரி காற்று அடித்தாலும் அசையவில்லை. ஆனால் கிளப்புவது பெரும்பாடு. ஒரு பெடல் சுற்றுக்கு 5 மீட்டர் போகும் ஒற்றைக் கியர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 18 கிலோமீட்டர். பாரத்தோடு, எதிர்க்காற்றில், அது 14தான். மேட்டில் சீட்டை விட்டு எழுந்து மிதித்தால் பின்பக்கம் நாய் வாலாட்டுவது மாதிரி ஆடுகிறது. உட்கார்ந்தேதான் ஏற வேண்டும், முடியாவிட்டால் கௌரவம் பார்க்காமல் இறங்கித் தள்ள வேண்டும்.

பிரேக்தான் பயம். பழைய இரும்பு ரிம், மழை ஈரம். பிடித்தால் முதல் சில சுற்றுக்கு ஒன்றுமே நடக்காது. பிரேக் ரப்பர் தண்ணீரை வழித்து எடுத்த பிறகுதான் கடிக்கும். பஸ் ஸ்டாப் தெரிவதற்கு முன்பே பிடிக்க ஆரம்பித்துவிட வேண்டும். ரோட்டோரம் ஒதுங்கினால் கரிசல் மண். மழையில் அது அல்வா பதம். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். குச்சியால் நோண்டி எடுத்து, 100 மீட்டர் போய், மறுபடி நோண்டி... கடைசியில் பின் மட்கார்டைக் கழற்றிக் கேரியரில் கட்டிக்கொண்டான். சட்டை முதுகு முழுக்கக் கரிசல் கோலம். வீட்டில் எண்ணிப் பார்த்தால் 11 அகல் உடைந்திருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நடைக்குக் காசு எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாம் நடையில்தான் அது நடந்தது. விருத்தாசலம் தாண்டிச் செம மழை. தண்ணீர் நின்ற பள்ளம் எது, ரோடு எது என்று தெரியவில்லை. ஒரு இறக்கத்தில் பின் சக்கரம் 'டம்' என்று விழுந்து எழுந்தது. அடுத்த நொடி இடது கூடை சாய்ந்து சக்கரத்தில் உரசியது. கேரியரின் இடது கால், ஃபிரேமில் மாட்டும் காது இருக்கிறதே, அது ஓரத்தோடு பிய்ந்து வந்துவிட்டது. கூடைக்குள்ளிருந்து 'கலகல' என்று ஒரு சத்தம். கடன் வாங்கி வியாபாரம் செய்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் வயிற்றில் கேட்கும்.

நிறுத்திப் பிரித்துப் பார்க்க மனசு வரவில்லை. மழையில் வைக்கோல் நனைந்தால் மீதியும் போகும். டியூப் நாடாவால் கூடையைத் தூக்கிச் சீட்டுக் குழாயோடு கட்டி, பெண்ணாடம் வரை மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தான். இருட்டிவிட்டது. கேட்டும் கிரில்லும் செய்கிற ஒரு வெல்டிங் பட்டறையில் ஷட்டரை இறக்கப் போனவரிடம் கெஞ்சி நிறுத்தினான்.

அவர் காதைத் தடவிப் பார்த்தார். "கரண்ட் வெல்டிங் வச்சா குழா ஓட்டை வுழுந்துரும் தம்பி, மெல்லிசா இருக்கு. கேஸ்ல பித்தளை வைக்கறேன்" என்றார். பெயிண்டைச் சுரண்டினார். மூன்று கலரும் வரிசையாக வந்தது, அடியில் நீலம். தீயைக் காட்டிக் குழாய் செக்கச் சிவந்ததும் பித்தளைக் கம்பியைத் தொட்டார்; தேன் மாதிரி இளகி இடுக்கில் ஓடியது. பழைய பெரிய சைக்கிள்களின் ஃபிரேம் மூட்டுகளைத் தொழிற்சாலையில் இணைத்ததும் இதே பித்தளை முறையில்தான். 20 நிமிஷம், 60 ரூபாய். டீயும் வாங்கிக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

வெளிநாட்டுக்காரன் இரும்பைத் தேடுவது இதற்குத்தான். அலுமினியம் லேசு, துருப்பிடிக்காது, எல்லாம் சரி. ஆனால் சைக்கிளுக்குப் போடும் அலுமினியக் கலவையை வெல்டிங் வைத்தால் அந்த இடத்தைச் சுற்றி பலம் குறைந்துவிடும். முறையாகச் சூடுபடுத்திப் பதப்படுத்தினால்தான் திரும்ப வரும். கிரில் பட்டறையில் அது நடக்கிற வேலை இல்லை. கார்பன் உடைந்தால் பெண்ணாடத்தில் யாரிடம் காட்டுவது? இரும்பு பெரும்பாலும் சட்டென்று இரண்டாகாது, முதலில் வளைந்தோ விரிசல் விட்டோ முனகும். தீ வைத்திருக்கும் யாராவது ஒருவர் அடுத்த ஊரில் இருப்பார். மென்மையான ஓட்டம் என்று இணையத்தில் அடித்துக்கொள்வதைவிட இதை முதல் வரியில் எழுதியிருக்கலாம். அதே சமயம் அந்தப் பட்டறைக்காரரும் சைக்கிள் வேலை செய்து வருடக்கணக்காகிறது என்றார். கரண்ட் வெல்டிங் மட்டும் தெரிந்தவர் கையில் கிடைத்திருந்தால் இதே குழாய் ஓட்டையாகியிருக்கும். இரும்பு நல்லதுதான், பித்தளை வைக்கத் தெரிந்த கை இருக்கிற வரைக்கும்.

வீட்டில் எண்ணினார்கள். 19.

மூன்றாம் நடை மழையில்லாத ஒரு சனிக்கிழமை பகலில். கேரியரின் இரண்டு காதுக்கும் அடியில் பழைய டயர் துண்டு வைத்து முடுக்கியிருந்தார் தாத்தா. பெண்ணாடத்தில் நிறுத்திப் பட்டறைக்காரருக்கு ஒரு டஜன் அகல் கொடுக்கப் போனான். அவர் இலவசமாக வேண்டாம் என்று 60 ரூபாயைக் கையில் திணித்துவிட்டார். ஆக, வெல்டிங் காசு திரும்பி வந்த மாதிரியும் ஆச்சு, ஒரு டஜன் விற்ற மாதிரியும் ஆச்சு. இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று பையன் இன்றுவரை குழம்புகிறான். அந்த நடையில் உடைந்தது 2.

மொத்தம் 1,500இல் 32. விற்றது 1,468. தீபத்தன்று மாலை ஆறு மணிக்குக் கூடை காலி. 7,340 ரூபாயில் குழுக் கடன் 4,500 போக 2,840. பித்தளை வைத்த 60 போக 2,780. வட்டியை அம்மா தனியாக எடுத்து மடித்து வைத்துவிட்டார், அந்தக் கணக்கில் யாரும் தலையிடக் கூடாது. பையன் நோட்டில் காஸ்டிங் வகுப்பில் சொன்னபடி 13ஐ சாதாரண நட்டம் என்றும் 19ஐ அசாதாரண நட்டம் என்றும் பிரித்து எழுதி அம்மாவுக்கு விளக்கினான்.

"ஒடஞ்சது ஒடஞ்சதுதான்டா. அதுல என்னா சாதா, ஸ்பெஷலு, தோசையா?"

தீபம் முடிந்த மறுவாரம் கேரியர் கூடைகளைக் கழற்றியாகிவிட்டது. காலி சைக்கிள் மறுபடி பழையபடி கடகடவென்று புலம்ப ஆரம்பித்தது. இரண்டு நாள் பொறுத்தான். மூன்றாம் நாள் உரச் சாக்குப் பையை மறுபடி முக்கோணத்தில் கட்டிவிட்டான். இப்போது அதில் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம், டிபன் பாக்ஸ், ஒரு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் பழைய டியூப் நாடா.